இரும்பு இருந்தும் சோகை: ஒரு பரிசோதனையின் வரலாறு

மரக்காணம் என்றதும் எல்லோருக்கும் உப்புதான் ஞாபகம் வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடக்கும் உப்பு அம்பாரங்களைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு மட்டும் என் பெரியம்மா ஞாபகம் வரும். இருபது வருடத்துக்கு மேல் அந்தப் பாத்திகளில் உப்பு வாரியவர்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவ முகாமில் அவருக்கு விரல் நுனியில் குத்தி ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8.6. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். "ரத்தம் கம்மியா இருக்கும்மா, கீரை நல்லா சாப்பிடுங்க" என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து மாதம் விழுங்கினார். மறுபடி பார்த்தபோது 8.5! "மாத்திரைய ஒழுங்கா போட்டிருக்க மாட்டீங்க" என்று பழி அவர் மேலேயே விழுந்தது. பிறகு இருமல் விடாததால் சளியைப் பரிசோதித்தபோதுதான் காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாதம் காசநோய் மருந்து சாப்பிட்டார். இரும்பு மாத்திரையே இல்லாமல் ஹீமோகுளோபின் 11ஐத் தாண்டியது.

இரும்பு கொடுத்தபோது ஏறாத ரத்தம், கொடுக்காதபோது எப்படி ஏறியது? இதற்கு விடை தேடப் போனபோது எனக்கு ஒரு நீண்ட வரலாறே கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

எவ்வளவு என்று அளந்த காலம்

ரத்தத்தின் நிறத்தை வைத்து ஹீமோகுளோபினை அளக்கும் கருவியை 1878ல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கோவர்ஸ் செய்தார். சுவிட்சர்லாந்தின் ஹெர்மன் சாலி 1902ல் அதைத் திருத்தினார். சாலி முறையில் 0.02 மில்லி ரத்தத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கலப்பார்கள். ரத்தம் பழுப்பாகும். பக்கத்தில் இருக்கும் கண்ணாடியின் நிறம் வரும் வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு அளவைப் படிப்பார்கள். நம் நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பல ஆண்டுகள் புழங்கிய முறை இது.

ரத்தம் எவ்வளவு குறைவு என்பதை இந்தக் கருவி சொல்லிவிடும். ஏன் குறைவு என்று சொல்லாது.

ஏன் என்று கேட்டவர்

அந்த "ஏன்" என்ற கேள்வியோடு நம் ஊருக்கே வந்தவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர். 1928ல் பம்பாய்க்கு வந்தார். அங்கே கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான ரத்தசோகையில் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தன. இரும்புக் குறைவு என்றால் அவை சிறிதாக இருக்க வேண்டும். ஆகவே இது வேறு சோகை என்று நினைத்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்காரிசனின் ஆய்வுக்கூடத்தில் விலங்குகளை வைத்து ஆராய்ந்தார். 1931ல் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியிலும் (இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை) பணியாற்றினார். ஈஸ்ட் சாறான மார்மைட்டைக் கொடுத்தால் இந்தச் சோகை குணமாகிறது என்று அதே ஆண்டு எழுதினார். அதில் இருந்த சத்துதான் பிற்பாடு ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான அமெரிக்க ஆய்வுக்குழு 1945ல் அதைச் செயற்கையாகத் தயாரித்தது.

எல்லாச் சோகைக்கும் இரும்பு மருந்தாகாது என்பது இதிலிருந்தே தெளிவானது. ஆனால் பெரியம்மாவுக்கு வந்தது மூன்றாவது வகை.

உப்பு ஏரி நகரத்தில் கிடைத்த விடை

தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த மூன்றாவது வகையைப் பிரித்துக் காட்டியவர்களின் ஆய்வுக்கூடம் இருந்த ஊரின் பெயரிலும் உப்பு இருக்கிறது! அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் மாக்ஸ்வெல் வின்ட்ரோப், ஜார்ஜ் கார்ட்ரைட் இருவரும் 1946 முதல் 'தொற்றுநோய்ச் சோகை' பற்றித் தொடர்ச்சியாக ஆய்வுகளை வெளியிட்டார்கள். நாள்பட்ட தொற்று உள்ளவர்களின் ரத்த நீரில் இரும்பு குறைவாக இருந்தது. ஊசி வழியாக இரும்பைச் செலுத்தினாலும் அது புதிய சிவப்பணுக்களுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை.

இரும்பு எங்கே போனது? மாக்ஸ் பெர்ல்ஸ் என்ற ஜெர்மானியர் 1867லேயே கண்டுபிடித்திருந்த ஒரு சாயம் அதைக் காட்டிக் கொடுத்தது. எலும்பு மஜ்ஜையில் அந்தச் சாயத்தை இட்டால் சேமிப்பு இரும்பு நீலமாகத் தெரியும். இரும்புக் குறைவுச் சோகையில் நீலமே இருக்காது. நாள்பட்ட நோய்ச் சோகையிலோ மஜ்ஜையின் விழுங்கு அணுக்களில் நீலம் நிறைந்து கிடக்கும்.

மரக்காணத்துக்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். களத்தில் உப்பு அம்பாரமாகக் கிடக்கிறது. ஆனால் லாரி வரவில்லை, கடையில் உப்பு இல்லை. கடையை மட்டும் பார்த்தவர் "விளைச்சலே இல்லை" என்று நினைத்துக் கொள்வார். நம் உடம்பு தினமும் 20 மில்லிகிராமுக்கு மேல் இரும்பைப் பழைய சிவப்பணுக்களிலிருந்து எடுத்து மறுபடி பயன்படுத்துகிறது. உணவிலிருந்து கிடைப்பது 1 அல்லது 2 மில்லிகிராம்தான். பழைய இரும்பு வெளியே வராவிட்டால் புதிய ரத்தம் ஊறாது.

ஊசி ரத்தத்திலேயே பார்க்கலாம்

ஒவ்வொருவருக்கும் எலும்பைக் குத்தி மஜ்ஜை எடுக்க முடியுமா? பிரிட்டனில் கார்டிஃப் ஆய்வாளர்கள் 1972ல் ரத்த நீரில் ஃபெரிட்டின் அளக்கும் முறையை வெளியிட்டார்கள். ஃபெரிட்டின் இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம். மூன்று அளவுகளைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டு சோகையையும் பெரும்பாலும் பிரித்துவிடலாம்:

இரும்புக் குறைவுச் சோகை: ரத்த நீரில் இரும்பு குறைவு, இரும்பைப் பிணைக்கும் திறன் (மேலே சொன்ன லாரிகளின் எண்ணிக்கை) அதிகம், ஃபெரிட்டின் குறைவு.

நாள்பட்ட நோய்ச் சோகை: ரத்த நீரில் இரும்பு குறைவு, பிணைக்கும் திறன் குறைவு அல்லது இயல்பு, ஃபெரிட்டின் இயல்பு அல்லது அதிகம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. உடம்பில் அழற்சி இருந்தாலே ஃபெரிட்டின் ஏறிவிடும். காசநோயும் இரும்புக் குறைவும் ஒருவருக்கே சேர்ந்து இருந்தால் ஃபெரிட்டின் நம்மை ஏமாற்றும். அதனால் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனையையும் சேர்த்துச் செய்கிறார்கள். பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே ஃபெரிட்டின் இருந்தால் இரும்புக் குறைவு. ஆனால் அழற்சி உள்ளவர்களுக்கு 70க்குக் கீழே இருந்தாலே அப்படிக் கருத வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ல் வரையறுத்தது.

களத்தைப் பூட்டியது யார் என்ற கேள்விக்கு விடை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கிடைத்தது. 2000, 2001ல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஹெப்சிடின் என்ற சிறிய புரதம்தான் அந்தப் பூட்டு. தொற்று வந்தால் கல்லீரல் இதை அதிகமாகச் சுரக்கிறது. அணுக்களிலிருந்து இரும்பு வெளியேறும் வாசலை இது அடைத்துவிடுகிறது என்று 2004ல் நிரூபித்தார்கள். குடலிலும் அதே வாசல் அடைபடுவதால் விழுங்கும் மாத்திரையும் சரியாகச் சேராது.

உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது? கிருமிகளுக்கும் இரும்பு தேவை. எதிரிக்குச் சோறு போடாமல் இருக்கத்தான் இந்தப் பூட்டு. நோய் தீர்ந்தால் பூட்டு திறக்கும். பெரியம்மாவின் ரத்தம் ஏறியதன் ரகசியம் இதுதான்.

மறுபடியும் மரக்காணம்

லூசி வில்ஸ் ஆராய்ச்சி செய்த குன்னூர் ஆய்வுக்கூடம் 1958ல் ஹைதராபாத்துக்கு மாறி, 1969ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. உப்பிலேயே இரும்பைச் சேர்க்கும் முறையை உருவாக்கியதும் அந்த நிறுவனம்தான். தமிழ்நாட்டில் 2014ல் வந்த அம்மா உப்பில் இரும்பும் அயோடினும் சேர்ந்த வகையும் இருந்தது. நல்ல திட்டம்தான். நம் ஊரில் இரும்புக் குறைவுச் சோகை நிறையவே இருக்கிறது, ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்! ஆனால் பூட்டிய களத்தில் மேலும் உப்பைக் கொட்டிப் பயனில்லை.

மத்திய அரசு 2018ல் தொடங்கிய 'ரத்தசோகை இல்லா பாரதம்' திட்டத்தின் வழிகாட்டுதலிலேயே ஒரு விதி இருக்கிறது. ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் 1 கிராம்கூட ஏறாவிட்டால், மேல் பரிசோதனைக்காகப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஒரே ஒரு மாதம்! பெரியம்மா ஐந்து மாதம் காத்திருந்தார். அந்த ஐந்து மாதமும் இருமிக்கொண்டே உப்பு வாரினார்.

உங்கள் வீட்டிலும் யாராவது மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறாமல் இருக்கலாம். அவர்களைத் திட்டாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப் போய், "ஏன் ஏறவில்லை?" என்று கேளுங்கள்.