எலெக்சன்: தலைமைக் கோலுக்கான போட்டியும் ஹாங்காங்கின் தேர்தலும்

எலெக்சன் என்பது ஜானி டோ இயக்கத்தில் 2005 ஆம் ஆண்டில் வெளிவந்த ஹாங்காங் குற்றத் திரைப்படம் ஆகும். அவ்வாண்டு கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இது திரையிடப்பட்டது. மறு ஆண்டு ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த படம், இயக்குநர், நடிகர், திரைக்கதை ஆகிய விருதுகளைப் பெற்றது. கன்டோனிய மொழியில் படத்தின் பெயர் "ஹாக் சே வூய்". "கறுப்புச் சமூகம்", அதாவது நிழல் உலகம் என்பது அதன் பொருள். தேர்தல் என்ற சொல் ஆங்கிலத் தலைப்பில்தான் உள்ளது. எனினும் படம் எதைப் பற்றியது என்பதை ஆங்கிலத் தலைப்பே நேராகச் சொல்கிறது.

கதை

வோ லின் சிங் என்ற கற்பனைக் குழு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது. வாக்களிப்பவர்கள் "மாமாக்கள்" என அழைக்கப்படும் மூத்த உறுப்பினர்கள். சிறிய அறை ஒன்றில் தேநீர் குடித்தபடியே அவர்கள் பேசி முடிவெடுக்கின்றனர். போட்டியாளர் இருவர். அமைதியாகப் பேசி, மகனுக்குச் சமைத்துப் போடும் லோக் ஒருவன் (சைமன் யாம்). கத்திப் பேசிக் காசை அள்ளி வீசும் பிக் டி மற்றவன் (டோனி லியுங் கா-ஃபாய், இவரை அதே பெயருடைய டோனி லியுங் சியூ-வாயுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது).

பிக் டி கொடுத்த பணத்தைப் பெரியவர்களில் சிலர் வாங்கிக்கொள்கின்றனர். ஆனால் ஒருவர் கை மட்டும் ஓங்கினால் குழுவின் சமநிலை கெடும் என்று மூத்தவரான டெங் வாதிட, லோக் வெல்கிறான். தோல்வியை ஏற்காத பிக் டி, பெரியவர்கள் இருவரை மரப்பெட்டிகளில் அடைத்து மலைச்சரிவில் மீண்டும் மீண்டும் உருட்டிவிடுகிறான். டெங்காக நடித்த வோங் டின்-லாம் தாமே ஒரு பழைய இயக்குநர். தொலைக்காட்சியில் சேர்ந்த இளம் வயதில் ஜானி டோ இவரிடம்தான் தொழில் கற்றார். அந்தப் பெரியவரின் சொல்லுக்குத் திரையில் உள்ள கனம் நடிப்பால் மட்டும் வந்ததாகத் தோன்றவில்லை.

வாக்கு மட்டும் ஒருவனைத் தலைவனாக்கிவிடாது. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் டிராகன் தலை பொறித்த கோலும் அவன் கைக்கு வர வேண்டும். அந்தக் கோல் சீனப் பெருநிலத்தில் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. இரு தரப்பும் அதைத் தேடி ஓடுவதே படத்தின் நடுப்பகுதி. இந்த ஓட்டத்தில் ஒருவன் கோலை விட்டுக்கொடுக்க மறுத்து, குழுவின் சத்தியப் பிரமாணங்களை உரக்கச் சொல்லிக்கொண்டே கட்டையால் அடி வாங்குகிறான். இடையில் ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது. மேலே உள்ளவர்கள் சமாதானம் பேசி முடித்துவிட்டனர். அடித்தவனும் அடிபட்டவனும் இப்போது ஒரே அணி. அடி நின்றுவிடுகிறது. உயிரைக் கொடுத்துக் காக்க வேண்டிய சத்தியத்தின் மதிப்பை ஒரே அழைப்பு முடிவு செய்துவிடுகிறது. படத்தின் மிகச் சிறந்த காட்சி இதுவே.

கோல் லோக்கிடம் வந்து சேர்கிறது. அடுத்த முறை தலைமை உனக்கே என்று பிக் டிக்கு வாக்குக் கொடுத்து, இருவரும் சகோதரர்களாகச் சத்தியம் செய்துகொள்கின்றனர். பின்னர் ஒருநாள் மீன்பிடிக்கச் சென்ற இடத்தில், தலைமையை இருவரும் சேர்ந்தே வகிக்கலாமே என்று பிக் டி கேட்கிறான். லோக் ஒரு கல்லை எடுத்து அவன் தலையை நசுக்குகிறான். அதைப் பார்த்துவிட்ட பிக் டியின் மனைவியும் தப்புவதில்லை. மரங்களில் இருந்து குரங்குகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. லோக் தன் மகனை ஏற்றிக்கொண்டு வண்டியை ஓட்டிச் செல்கிறான். படம் முழுவதிலும் ஒரு துப்பாக்கி வேட்டுக்கூட இல்லை. 1986 இல் வெளியான "எ பெட்டர் டுமாரோ" தொடங்கி ஹாங்காங் குழுப் படங்கள் துப்பாக்கிச் சண்டையையும் நண்பனுக்காக உயிர் விடும் வீரத்தையும் கொண்டாடி வந்தன என்பதை நினைத்தால், இது எவ்வளவு பெரிய விலகல் என்பது விளங்கும்.

சத்தியத்தின் வரலாறு

இத்தகைய குழுக்கள் டிரையாட் என்று அழைக்கப்படுகின்றன. தங்கள் தோற்றம் பற்றி அவை சொல்லிவரும் கதை வீரம் மிகுந்தது. சிங் அரசு ஷாவோலின் மடத்தை எரித்தது. தப்பிய ஐந்து துறவிகள் சிங் ஆட்சியைக் கவிழ்த்து மிங் ஆட்சியை மீட்கச் சத்தியம் செய்தனர் என்பது அக்கதை. படத்தில் வரும் சடங்கும் இதையே நினைவூட்டுகிறது. சிங் அரசின் ஆவணங்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள் வேறு ஒரு தோற்றத்தைக் கண்டனர். தியான்தி ஹுய் எனப்படும் வானம்-பூமிச் சங்கம் 1760களில் ஃபூஜியன் மாநிலத்தின் சாங்சோ பகுதியில் உருவானது. பிழைப்புத் தேடி ஊர் ஊராக அலைந்த ஏழைகள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ள அமைத்த சங்கம் அது. 1786 இல் தைவானில் லின் சுவாங்வென் தலைமையில் எழுந்த கிளர்ச்சிக்குப் பிறகே அரசு அதைக் கடுமையாக வேட்டையாடத் தொடங்கியது.

1842 இல் ஹாங்காங் பிரித்தானியர் கைக்குப் போனது. மூன்றே ஆண்டுகளில், 1845 இல், டிரையாட்டுகளை ஒடுக்கும் சட்டம் அங்கே வந்துவிட்டது. 1949 ஐ ஒட்டிச் சீனாவிலிருந்து அகதிகள் பெருமளவில் வந்தபோது புதிய குழுக்களும் உடன் வந்தன. 1956 அக்டோபர் கலவரத்தில் ஏறத்தாழ 60 பேர் இறந்தனர். அதன்பின் குழுக்கள் மீதான காவல்துறை நடவடிக்கை தீவிரமானது. இன்றும் ஹாங்காங்கில் டிரையாட் உறுப்பினர் என்று சொல்லிக்கொள்வதே குற்றம். உறுப்பினர் தகுதிகளுக்கு எண்கள் உண்டு: தலைவர் 489, அடியாள் படையை நடத்தும் "செங்கோல்" 426, ஆலோசகரான "வெள்ளைத்தாள் விசிறி" 415, சாதாரண உறுப்பினர் 49.

சங்கம் தொழிலான பிறகும் சடங்கு மட்டும் மாறாமல் நின்றது. அந்த இடைவெளியைத்தான் ஜானி டோ படமாக்கினார்.

800 பேரின் வாக்கு

படம் வந்த காலமும் முக்கியமானது. 1997 இல் ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்ட பிறகு, அதன் தலைமை நிர்வாகியை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. முதலில் 400 பேர் கொண்ட குழுவும், பின்னர் 800 பேர் கொண்ட குழுவும் அதைச் செய்தன. நகரின் மக்கள்தொகையோ 65 லட்சத்துக்கும் மேல். 2003 ஜூலை 1 அன்று சுமார் 5 லட்சம் பேர் வீதிக்கு வந்தனர். 2007 இல் நேரடித் தேர்தல் கிடையாது என்று 2004 ஏப்ரலில் பெய்ஜிங் அறிவித்தது. 2005 மார்ச்சில் தலைமை நிர்வாகி டங் சீ-ஹ்வா பதவி விலகினார். ஜூனில் டொனால்ட் சாங் போட்டியின்றித் தேர்வானார். இவ்விரண்டுக்கும் நடுவே, மே மாதத்தில், படம் கானில் திரையிடப்பட்டது.

ஒரு சில பெரியவர்கள் மூடிய அறையில் தலைவரை முடிவு செய்யும் காட்சியை ஹாங்காங் பார்வையாளர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் படத்தை வெறும் உருவகமாகச் சுருக்குவது அதற்குச் செய்யும் அநீதி. மாமாக்களின் தேர்தலில் குறைந்தபட்சம் இருவர் போட்டியிட்டனர். யார் வெல்வார் என்பதும் முன்கூட்டியே தெரியாது. பணமும் வன்முறையும் கலந்த அந்தத் தேர்தலில் இருந்த நிச்சயமின்மைகூட நகரின் தேர்தலில் இல்லை.

2006 இல் வந்த "எலெக்சன் 2" இதை இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. மரபை மீறி லோக் மீண்டும் தலைவராக முயல்கிறான். ஜிம்மி (லூயிஸ் கூ) குழுவை விட்டு விலகிப் பெருநிலத்தில் நேர்மையான வணிகம் செய்ய ஆசைப்படுகிறான். அங்கே தொழில் செய்ய வேண்டுமானால் நீ குழுவின் தலைவனாக வேண்டும் என்கிறது சீனக் காவல்துறை. சீனாவின் பொதுப் பாதுகாப்பு அமைச்சர் தாவ் சிஜூ, டிரையாட்டுகளிலும் தேசப்பற்றாளர்கள் உண்டு என்ற பொருளில் 1993 இல் பேசியதை அறிந்தவர்களுக்கு இது வெறும் கற்பனையாகப் படாது. ஜிம்மி கொலைகளைச் செய்து தலைவனாகிறான். இறுதியில் அந்தக் காவல் அதிகாரி அவனிடம், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் வேண்டாம், உனக்குப் பின் உன் பிள்ளையே தலைவனாக இருக்கட்டும் என்கிறார். ஜிம்மி அவரை ஓங்கி ஓங்கிக் குத்துகிறான். அதிகாரி திருப்பி அடிப்பதில்லை.