தெளியாத தண்ணீர்

ஹார்லிக்ஸ் பாட்டிலில் முக்கால் அளவு மழைத் தண்ணீர். அதில் சித்தப்பாவின் வயலில் எடுத்த ஒரு கைப்பிடி மண். மூடியை இறுக்கி, கை வலிக்கக் குலுக்கித் திண்ணையில் வைத்தேன். பாட்டிலை விட்டுக் கையை எடுப்பதற்குள் மணல் அடியில் உட்கார்ந்துவிட்டது. மத்தியானச் சாப்பாடு முடித்து வந்து பார்த்தால் மணலுக்கு மேலே மெத்தென்று ஓர் அடுக்கு வண்டல். அதற்கும் மேலே நின்ற தண்ணீர் மட்டும் பால் குறைந்த டீ மாதிரி அப்படியே இருந்தது. இரவு படுக்கப் போகும்போதும் அதே நிறம். மறுநாள் காலையில் சற்று வெளுத்திருந்தது, தெளிந்தபாடில்லை.

"என்னடா, மண்ணைப் போட்டு ஊற வச்சிருக்கே?" என்றார் சித்தப்பா.

"எவ்வளவு நேரத்துல தெளியுதுன்னு பாக்குறேன் சித்தப்பா."

"அது தெளியாது. அதுதான் களி."

ஒற்றை வரியில் சொல்லிவிட்டு அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். காவிரி டெல்டாவில், பாபநாசத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் வயலுக்கு அந்தக் களி வந்து சேர்ந்த கதை அவ்வளவு சுருக்கமானதில்லை.

அது புறப்பட்ட இடம் குடகு மலையும் மைசூர்ப் பீடபூமியும். அங்குள்ள பாறைகளில் பல, 250 கோடி ஆண்டுகளைத் தாண்டியவை. பாறைக்குள் இருக்கும் குவார்ட்ஸ் கெட்டிக்காரன். எத்தனை மழை பெய்தாலும் அசையாது. சுற்றியுள்ளது உதிர்ந்த பிறகு தனியே விழுந்து மணலாகும். ஃபெல்ட்ஸ்பார் அப்படியல்ல. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான புளிப்போடு இறங்கும் மழைநீர், அதிலிருந்து சோடியம், கால்சியம், பொட்டாசியம் என்று ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு போகும். மிஞ்சிய அலுமினியமும் சிலிக்காவும் தங்களுக்குள் புதிதாகச் சேர்ந்து, தாள் மேல் தாளாக அடுக்கிய ஒரு தாது உருவாகும். மணல் உடைந்த பாறை. களி, பாறை செத்த இடத்தில் பிறந்த வேறொன்று.

எங்கே பிறந்தது என்பதைப் பொறுத்துக் குணமும் மாறும். கொட்டித் தீர்க்கும் மழையில், தண்ணீர் தேங்காத மலைச்சரிவில் எல்லாம் கழுவிப் போய் மிஞ்சுவது பெரும்பாலும் கயோலினைட். தாள்கள் இறுகிக் கிடக்கும், தண்ணீருக்கு அசையாது. மழை குறைந்த பீடபூமிப் பள்ளங்களில், கால்சியமும் மக்னீசியமும் முழுக்கக் கழுவிப் போகாத இடத்தில் பிறப்பது ஸ்மெக்டைட். இதன் தாள்களுக்கு நடுவே தண்ணீர் நுழையும். நுழைந்தால் உப்பும், வெளியேறினால் சுருங்கும். டெல்டாக்காரர்கள் காலில் ஒட்டுவது, டிராக்டரைப் புதைப்பது, வீட்டுச் சுவரைப் பிளப்பது எல்லாம் முக்கியமாக இந்த இரண்டாம் ஆசாமியின் வேலை.

காவிரி ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடுகிறது. மணல் அந்தத் தூரத்தை உருண்டும் குதித்தும், பாதி நாள் மேட்டில் படுத்தும் கடக்கும். களி நடப்பதே இல்லை; தண்ணீரிலேயே தொங்கிக்கொண்டு வரும். ஒரு துகளின் அளவு 2 மைக்ரானுக்கும் கீழே, அதாவது ஒரு மில்லிமீட்டரை 500 கூறு போட்டால் அதில் ஒன்றுக்கும் குறைவு. அசையாத தண்ணீரில் 2 மைக்ரான் துகள் 10 சென்டிமீட்டர் இறங்கக் கிட்டத்தட்ட 8 மணி நேரம் எடுக்கும். அதைவிட 25 மடங்கு தடித்த பொடிமணல் துகளுக்கு முக்கால் நிமிடம் போதும். எங்கள் திண்ணைப் பாட்டிலில் நடந்ததும் இதுதான். அசையாத பாட்டிலிலேயே இந்தக் கதி என்றால், ஆடிப் பெருக்கில் சுழித்துக்கொண்டு வரும் ஆற்றில் அது எங்கே இறங்கும்? புதுத்தண்ணீரின் செங்காவி நிறம் முழுக்க இறங்காமல் வந்த மண்தான்.

அந்தத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு குடித்தவர்கள்தான் நம் முன்னோர். தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உள்பக்கம் நன்றாக இழைத்துவிட்டு ஊற்றி வைத்தால் கொஞ்ச நேரத்தில் கலங்கல் அடியில் படியும். கொட்டையில் உள்ள பொருள் துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிறது, ஒட்டியது கனக்கிறது, கனத்தது இறங்குகிறது. கடலுக்கு அருகே இதே வேலையை உப்பு செய்யும். நானும் சோதித்துப் பார்த்தேன். இன்னொரு பாட்டிலில் அதே கலங்கலை ஊற்றி ஒரு கை கல்லுப்பு போட்டேன். மேகம் திரள்வதுபோல் சின்னச் சின்னத் திரளாகக் கூடி, காப்பி குடித்து முடிப்பதற்குள் மேல்தண்ணீர் கண்ணாடியாகிவிட்டது. ஆறு கடலைத் தொடும் இடத்தில் சேறு சேர்ந்து நிலம் வளர்வதில் உப்புக்கும் பங்கு உண்டு என்று புத்தகத்தில் படித்தது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

கடல் வரை போகாமல் வழியிலேயே தங்கிய களிதான் எங்கள் வயல். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்து, கல்லணை தாண்டி, வெண்ணாறும் குடமுருட்டியும் அரசலாறும் கிளைகிளையாகப் போகும் இந்தத் தட்டை நிலத்தில், கால்வாய்க்கும் அணைக்கும் முந்தைய காலத்தில் ஆறு வருஷா வருஷம் கரை மீறியது. கரையைத் தாண்டியதும் தண்ணீருக்கு வேகம் போய்விடும். கையில் கனமாக இருப்பதை முதலில் போடும். கரையோரம் மணல், அடுத்துப் பொடி வண்டல் என்று போட்டுப் போட்டுக் கரையே உயர்ந்து வரும். மிஞ்சிய களியோடு வெள்ளம் தாழ்ந்த உள்நிலத்துக்குள் பரவி, வடிய வழியில்லாமல் நாள்கணக்கில் நிற்கும். அந்த அசையாத தண்ணீரில்தான் களி கடைசியாக மனம் வைத்துக் கீழே இறங்கும்.

இந்த வரிசையை இன்றும் பார்க்கலாம். ஆற்றை ஒட்டிப் படுகையில் வாழை, வெற்றிலைக் கொடிக்கால். வேர் தண்ணீரில் அழுகாமல் மூச்சு விடக்கூடிய இளகிய மண். இரண்டு மூன்று வாய்க்கால் தாண்டி உள்ளே போனால் கண்ணுக்கெட்டிய தூரம் நெல். வேறெதுவும் அவ்வளவு சுலபத்தில் வராத மண். மண் ஆய்வாளர்கள் முதலாவதைப் படுகை வரிசை என்றும் இரண்டாவதைக் களத்தூர் வரிசை என்றும் ஊர்ப்பெயர் போலவே எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த வயலில் எது நடுவது என்பதை ஆறு முன்பே பங்கு பிரித்துவிட்டது.

இறங்கிய களி சும்மா கிடப்பதில்லை. ஒரு கிராம் ஸ்மெக்டைட்டின் தாள்களையெல்லாம் பிரித்து விரித்தால் பரப்பு சுமார் 700 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் மூன்று கிரவுண்டு. அந்தப் பரப்பு முழுக்க எதிர்மின் தன்மை. ஆகவே நேர்மின் ஏறிய கால்சியம், பொட்டாசியம், அம்மோனியம் எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். மணல் நிலத்தில் போட்ட உரம் தண்ணீரோடு கீழே போய்விடும். களி அதைப் பிடித்து வைத்து, வேர் வந்து கேட்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். பிடிப்பதில் தாராளம், கொடுப்பதில் கஞ்சத்தனம். தண்ணீர் விஷயத்திலும் அப்படித்தான். களிக்குள் இருக்கும் ஈரத்தில் ஒரு பகுதியை அது எந்த வேருக்கும் விடாது. மண் ஈரமாகத் தெரியும்போதே பயிர் வாடுவதைப் பார்க்கலாம்.

சித்திரையில் எங்கள் வயலுக்குள் நடந்தால் கணுக்கால் பிசகும். தரை பாளம் பாளமாகப் பிளந்திருக்கும். வெடிப்பில் பண்ணரிவாளின் பிடி முழுக்க இறங்கும். சித்தப்பா ஒரு முறை ஐந்து ரூபாய்க் காசைத் தவறவிட்டுத் தேடாமலே வந்துவிட்டார். மேல்மண் உதிர்ந்து அந்த வெடிப்புக்குள் விழும். மழை வந்து மண் உப்பும்போது வெடிப்பு மூடிக்கொள்ளும். உள்ளே விழுந்த மேல்மண்ணுக்கு இடம் போதாமல் அடிமண் பக்கவாட்டிலும் மேலேயும் நெருக்கித் தள்ளப்படும். ஆழத் தோண்டினால் ஒன்றையொன்று உரசி மெழுகியதுபோல் பளபளக்கும் முகங்கள் தெரியும். கலப்பை இல்லாமலே இந்த மண் தன்னை மெல்லப் புரட்டிக்கொள்கிறது.

மேட்டூரில் ஜூன் 12 அன்று திறந்த தண்ணீர் கடைமடைக்கு வர நாளாகும். வந்த தண்ணீரும் முதலில் வெடிப்புக்குள் மடமடவென்று போகும். வாய்க்காலில் காத்திருப்பவர்களுக்கு வயிற்றெரிச்சல். வெடிப்பு மூடிய பிறகு நிலைமை தலைகீழ். சேறடித்து நாற்று நட்ட களியில் தண்ணீர் கீழே இறங்குவது மிகக் குறைவு. அந்த உழவு மண்கட்டிகளைக் கலைத்து, துளைகளை அடைத்து, அடியில் ஒரு கெட்டித் தளத்தை உண்டாக்குகிறது. தண்ணீருக்கு அடியில் காற்றில்லாத அந்தச் சேற்றில் இரும்பு நிறம் மாறி மண் நீலம் பாய்ந்த சாம்பலாகும். ஒரு நெற்குத்தைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேர் மேல் துருநிறத்தில் ஒரு பூச்சு இருக்கும். நெல் தன் தண்டு வழியாக வேருக்குக் காற்று அனுப்புகிறது. அது கசிந்த இடத்தில் இரும்பு துருப்பிடிக்கிறது. நெல்லுக்கும் களிக்கும் ஒத்துப்போவது இதனால்தான்.

எனக்குப் பிடித்த கட்டம் தை மாதம். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, நிற்கும் கதிருக்குள்ளேயே உளுந்தை விதைத்துவிடுவார்கள். மண் மெழுகு பதத்தில் இருக்க வேண்டும். சேறாக இருந்தால் விதை அழுகும், காய்ந்தால் முளைக்காது. பிறகு அறுப்பு, அதன் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. மீதி ஈரத்திலும் பனியிலும் உளுந்து பூத்துக் காய்த்துவிடும். உழவில்லை, பாய்ச்சலில்லை. மார்கழி வரை குடித்ததைக் களி பங்குனி வரை வைத்துக் கொடுக்கிறது. ஈரம் காயாத வயலில் அறுவடைக்கு டயர் வண்டி இறங்கினால் தொலைந்தது. பெல்ட் வண்டிக்குத்தான் முன்பணம்.

வீடு கட்டுகிறவனுக்கு இந்த மண் வேறு முகம் காட்டும். எங்கள் பின்கட்டுச் சுவரில் ஒரு விரிசல் வருஷந்தோறும் கோடையில் திறந்து ஐப்பசியில் மூடுகிறது. கட்டிய கொத்தனார் சிமெண்டைக் குறை சொன்னார். அஸ்திவாரக் குழியில் மணல் போதிய அளவு போடாததுதான் காரணம் என்று நாங்கள் கண்டுபிடித்தபோது அவர் ஊரிலேயே இல்லை.

எல்லாக் களியும் வயலிலேயே தங்கிவிடவில்லை. சட்டியாகவும் பானையாகவும் சூளைக்குப் போனது உண்டு. நெருப்பு 500, 600 டிகிரியைத் தாண்டும்போது தாதுக்குள் கட்டுண்ட நீரும் வெளியேறிவிடும். அதன் பிறகு எத்தனை காலம் தண்ணீரில் ஊறினாலும் அது சேறாகாது. பூம்புகாரை அடுத்த கீழையூரில் அகழ்ந்தெடுத்த செங்கல் படகுத்துறை 2000 ஆண்டுகளுக்கு மேல் ஈர மண்ணில் கிடந்தும் செங்கல்லாகவே இருந்தது. சுவாமிமலைக்குப் போன களிக்கு இன்னும் விசேஷம். மெழுகில் வடித்த உருவத்தின் மேல் முதல் பூச்சுக்குக் காவிரி வண்டலைத்தான் நைசாக அரைத்துப் பூசுகிறார்கள். மூக்கின் வளைவு, காதணியின் முடிச்சு, விரல் நகம் எதுவும் விடாமல் பதிய அந்த நுண்மை வேண்டும். அதன் மேல் வயல் களியும் மணலும் கலந்த தடித்த பூச்சுகள். மெழுகை உருக்கி வடித்து, உலோகத்தை ஊற்றி, ஆறியதும் அச்சை உடைத்து எறிவார்கள். சாமிக்கு முகம் கொடுத்த மண் பட்டறை ஓரத்தில் குப்பையாகக் கிடக்கும்.

பயணம் இப்போது பாதியில் நிற்கிறது. கிருஷ்ணராஜசாகர் ஒரு பக்கம், 1934இல் கட்டி முடித்த மேட்டூர் இன்னொரு பக்கம். தேங்கிய தண்ணீரில் மணலும் வண்டலும் முழுக்க விழுந்துவிட, களியிலும் பெரும்பங்கு அங்கேயே இறங்கிவிடுகிறது. எங்களுக்கு வருவது முன்னைவிடத் தெளிந்த தண்ணீர். வெள்ளம் அடங்கியது நல்லதுதான். 1924 வெள்ளத்தைக் கண்டவர்களின் கதைகளைக் கேட்டவன் அணையைக் குறை சொல்ல மாட்டான். ஆனால் வயலில் இருக்கும் களி இனிமேல் பழைய சொத்துதான், வரவு இல்லை. 2017 கோடையில் மேட்டூர் அணையில், கட்டி 83 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் முறையாக வண்டலை அள்ள அனுமதித்தார்கள். அணையைச் சுற்றியுள்ள ஊர்களின் விவசாயிகள் டிராக்டரிலும் டிப்பரிலும் ஏற்றித் தங்கள் நிலங்களில் கொட்டிக்கொண்டார்கள்.

அந்தச் செய்தியைச் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தவர், "நமக்கு வர வேண்டிய மண்ணு, லாரி ஏறிப் போவுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "போனா போவட்டும், அவனும் வெவசாயிதானே" என்று சேர்த்துக்கொண்டார்.

பாட்டிலை நாலாம் நாள் கொல்லையில் பரங்கிக் கொடிக்கு ஊற்றினேன். தண்ணீர் போனது, மணல் போனது, வண்டலும் தட்டியதில் விழுந்தது. உள்பக்கக் கண்ணாடியில் மட்டும் மெல்லிசாக ஒரு படலம். தண்ணீர் விட்டு அலசினேன், போகவில்லை. சித்தி தேங்காய் நாரும் சாம்பலும் எடுத்துக்கொண்டு வந்து, "இதை முன்னாடியே கேக்கறதுக்கென்ன" என்று பாட்டிலை என் கையிலிருந்து வாங்கினாள்.