பள்ளி மாணவர்களின் உணர்வு நுண்ணறிவும் தன்னறிதலும்: பெற்றோர், பாதுகாவலருக்கான விளக்கம்

உணர்வு நுண்ணறிவு என்றால் என்ன?

மனத்தில் எழும் உணர்வை இனங்காணுதல், அதன் காரணத்தைப் புரிந்துகொள்ளுதல், அதனைத் தக்க முறையில் வெளிப்படுத்துதல், பிறர் உணர்வை அறிந்து நடத்தல் ஆகிய திறன்களின் தொகுப்பே உணர்வு நுண்ணறிவு எனப்படும். அமெரிக்க உளவியலாளர்களான பீட்டர் சலோவே, ஜான் மேயர் ஆகியோர் 1990ஆம் ஆண்டில் இக்கருத்தை வரையறுத்தனர். இத்திறன்கள் அனைத்திற்கும் அடிப்படை தன்னறிதல் ஆகும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்து வாழ்க்கைத் திறன்களுள் தன்னறிதலும் ஒன்று. இது பயிற்சியால் வளரக்கூடியது.

உணர்வு உடலில் வெளிப்படுதல்

தன் உணர்வைச் சொல்லச் சொல் கிடைக்காத குழந்தைக்கு அது உடல்வழியே வெளிப்படுகிறது. தேர்வு நாளில் வயிற்றுவலி, பள்ளிக்குப் புறப்படும்போது தலைவலி, காரணமின்றி எரிச்சல் ஆகியவை இவ்வாறு தோன்றலாம். உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு, அதற்கெனத் தனி இயலையே தொல்காப்பியம் வகுத்துள்ளது.

இவ்வலி நடிப்பு அன்று. குழந்தை உண்மையாகவே அதனை உணர்கிறது. முதலில் மருத்துவரிடம் காட்டி, உடல் நோய் உள்ளதா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நோய் இல்லை எனில், "ஒன்றுமில்லை, பள்ளிக்குப் போ" என்று முடித்துவிடாமல், குழந்தையின் மனத்தில் உள்ளதைக் கேட்டறிய வேண்டும்.

வளரிளம் பருவத்தில் கூடுதல் கவனம்

உணர்ச்சியைத் தூண்டும் மூளைப் பகுதிகள் இப்பருவத்தில் விரைவாகச் செயல்படுகின்றன. நிதானித்து முடிவெடுக்க உதவும் முன்மூளைப் பகுதியோ இருபது வயதைக் கடந்த பின்னரே முழு வளர்ச்சி அடைகிறது. திடீர்க் கோபத்தையும் அவசர முடிவுகளையும் ஒழுக்கக்கேடு என்று மட்டும் கருதலாகாது.

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி முதலிய ஊர்களிலிருந்து மதுரை நகருக்கு வந்து படிக்கும் பிள்ளைகளுக்குப் பேருந்துப் பயணத்திலும் தனிப்பயிற்சி வகுப்பிலும் நாள் கழிந்துவிடுகிறது. வீட்டில் எஞ்சும் சிறிது நேரமும் மதிப்பெண் பற்றிய பேச்சாகவே அமைந்துவிடலாம். பெற்றோர் வெளியூரில் வேலை செய்யும் குடும்பங்களில் அப்பத்தா, அம்மாச்சி போன்றோரே பாதுகாவலராக உள்ளனர். கீழ்க்காணும் வழிமுறைகள் அவர்களுக்கும் பொருந்தும்.

வீட்டில் செய்யத்தக்கவை

• நாள்தோறும் பத்து நிமிடமேனும் படிப்பைப் பற்றியல்லாமல் பிற செய்திகளைப் பேசுங்கள்.
• "ஒரு மாதிரியாக இருக்கிறது" என்று குழந்தை சொன்னால், "அது பயமா, வெட்கமா, ஏமாற்றமா?" என்று கேட்டு, உரிய சொல்லைக் கண்டறிய உதவுங்கள். பெயரிடப்பட்ட உணர்வைக் கையாளுதல் எளிது.
• "ஏன் இப்படிச் செய்தாய்?" என்பதற்கு முன், "என்ன நடந்தது?" என்று கேளுங்கள்.
• "ஆண்பிள்ளை அழலாமா?", "இதற்கெல்லாமா பயம்?" போன்ற சொற்களைத் தவிர்த்திடுங்கள்.
• உணர்வை ஏற்றுக்கொள்ளுங்கள். தவறான செயலுக்கு எல்லை வகுத்திடுங்கள். கோபப்படுவது இயல்பு, தம்பியை அடிப்பது கூடாது.
• "இன்று எனக்குக் களைப்பு, அதனால்தான் கடிந்து பேசிவிட்டேன்" என்று பெரியோர் சொல்லும்போது, குழந்தையும் அவ்வாறு சொல்லக் கற்றுக்கொள்கிறது.

பள்ளியின் பங்கு

2020ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலவாழ்வுத் திட்டத்தில், பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் நலவாழ்வுத் தூதுவர்களாகப் பயிற்சி பெற வகை செய்யப்பட்டுள்ளது. உணர்வு நலமும் மனநலமும் அத்திட்டத்தின் பாடப்பொருள்களுள் அடங்கும். குழந்தையிடம் காணும் மாற்றத்தை வகுப்பாசிரியரிடம் தனிமையில் தெரிவியுங்கள். பிற மாணவர் முன்னிலையில் பேச வேண்டாம்.

மருத்துவ உதவி தேவைப்படும் நிலை

உணர்வு நுண்ணறிவுப் பயிற்சி மனநோய்க்குச் சிகிச்சை ஆகாது. உலக அளவில் 10 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் ஏழு பேரில் ஒருவருக்கு மனநலப் பாதிப்பு உள்ளதாக உலக சுகாதார நிறுவனம் தெரிவிக்கிறது. பின்வரும் அறிகுறிகள் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுகவும்:

• தொடர்ந்த சோகம் அல்லது எரிச்சல்
• உறக்கம், பசி ஆகியவற்றில் மாற்றம்
• நண்பர்களையும் விளையாட்டையும் விட்டு விலகுதல்
• பள்ளிக்குச் செல்ல மறுத்தல்

வாழப் பிடிக்கவில்லை என்று குழந்தை கூறினாலோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாலோ காத்திருக்கலாகாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ளதா என்று அமைதியாக, நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் உண்டாவதில்லை. மறைத்து வைத்த சுமையை இறக்கி வைக்க அது வழி செய்கிறது. குழந்தையைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

உதவி கிடைக்கும் இடங்கள்

• மதுரை அரசு இராசாசி மருத்துவமனை, மனநலப் பிரிவு
• அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையம்
• டெலி மானஸ் மனநல ஆலோசனை: 14416 (24 மணி நேரமும், கட்டணமின்றி)
• தமிழ்நாடு அரசு மருத்துவ உதவி எண்: 104
• குழந்தைகள் உதவி எண்: 1098