ஆசிரியர் பரிந்துரையும் பெற்றோர் கையெழுத்தும்

ஒன்பது முதல் பன்னிரண்டு வரையான வகுப்புகளைக் கொண்ட அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஒரே பாடம் பல படித்தரங்களில் நடத்தப்படுகிறது. அடுத்த ஆண்டு மாணவர் எந்தத் தரத்தில் சேர வேண்டும் என்று நடப்பாண்டு ஆசிரியர் எழுதித் தருவது பரிந்துரை என்றும், அதை ஏற்காமல் கடினமான வகுப்பே வேண்டும் என்று கேட்கும் பெற்றோர் கையெழுத்திடும் படிவம் 'வேவர்' என்றும் அழைக்கப்படும். பிள்ளை திணறினால் பொறுப்பு பெற்றோருடையது, நடுவில் வகுப்பு மாற இயலாமல் போகலாம் என்ற எச்சரிக்கையும் இத்தகைய படிவங்களில் இடம்பெறுவதுண்டு. பள்ளிக்கூடம் தோன்றிய நாள் முதலே இருந்துவரும் வழக்கம்போல் இது தோன்றினாலும், மாணவரைத் தரம் பிரித்து அனுப்பும் அதிகாரம் பள்ளியின் கைக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டின் முதல் கால் பகுதியில்தான்.

அதற்குச் சற்று முன்பு நிலவிய எண்ணம் நேர்மாறானது. தேசியக் கல்விச் சங்கம் 1892-இல் அமைத்த பதின்மர் குழு, ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் எலியட்டின் தலைமையில் ஆராய்ந்து, ஒரு பாடத்தைப் படிக்கும் மாணவர் பின்னாளில் கல்லூரிக்குப் போனாலும் போகாவிட்டாலும் அப்பாடம் எல்லோருக்கும் ஒரே முறையில், ஒரே அளவில் கற்பிக்கப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. உயர்நிலைப் பள்ளி வயதினரில் பத்தில் ஒருவர்கூட அப்பள்ளியை எட்டாத காலத்தில் இத்தகைய பெருந்தன்மை எளிதாகவே வாய்த்தது எனலாம். குடியேறிகளின் பிள்ளைகளும் தொழிலாளர் பிள்ளைகளும் பெருந்திரளாக வகுப்பறைக்குள் வரத் தொடங்கிய பின், 1908-இல், அதே எலியட், பிள்ளைகள் பிற்காலத்தில் என்ன ஆவார்கள் என்பதைக் கணித்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களே அவர்களைப் பிரித்துவிட வேண்டும் என்று பேசினார்.

அந்தக் கணிப்புக்கு அறிவியலின் முத்திரையை வழங்கியது நுண்ணறிவுத் தேர்வு. முதல் உலகப் போரின்போது ஏறத்தாழ 17 லட்சம் படைவீரர்களுக்கு நடத்தப்பட்ட இத்தேர்வு, போர் முடிந்ததும் பள்ளிகளுக்குள் நுழைந்தது. டெட்ராய்ட் நகரம் 1920-இல் முதல் வகுப்புக் குழந்தைகளுக்குத் தேர்வு வைத்து, மேல் 20 விழுக்காட்டினரை எக்ஸ் என்றும், நடு 60 விழுக்காட்டினரை ஒய் என்றும், எஞ்சியோரை இசட் என்றும் பகுத்தது. மாணவரைத் தனித்தனிப் பாதைகளில் நிறுத்தும் இம்முறைக்கு 'டிராக்கிங்', அதாவது தடப் பிரிப்பு, என்று பெயர் நிலைத்தது.

சோவியத் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் விண்ணில் ஏறிய மறு ஆண்டு, 1958-இல் நிறைவேறிய தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், திறமையுள்ளோரைக் கண்டெடுக்கும் தேர்வுகளுக்கும் பள்ளி ஆலோசகர்களுக்கும் நிதி அளித்தது. உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரித் தரப் பாடம் படிக்க வழிசெய்யும் 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' திட்டமும் அக்காலத்தில் பொறுக்கி எடுக்கப்பட்ட சிலருக்காகவே இருந்தது. 1956-இல் அதன் தேர்வை 104 பள்ளிகளைச் சேர்ந்த 1,229 மாணவர்கள் மட்டுமே எழுதினர்.

பொறுக்கப்படாதவர்களின் எதிர்ப்பு நீதிமன்றத்திலும் தெருவிலும் வெளிப்பட்டது. தலைநகர் வாஷிங்டனில், பள்ளிகளில் நிறப் பாகுபாடு சட்டவிரோதம் என்ற 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பு வந்த இரண்டே ஆண்டுகளில், உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நான்கு தடங்களாகப் பிரிக்கப்பட்டனர். கீழ்த் தடங்களில் கறுப்பின ஏழைப் பிள்ளைகளே குவிந்தனர். ஜூலியஸ் ஹாப்சன் தொடுத்த வழக்கில் 1967-இல் தீர்ப்பளித்த நீதிபதி ஸ்கெல்லி ரைட், தடத்தைத் தீர்மானித்த தேர்வுகள் பெரும்பாலும் வெள்ளை நடுத்தர வர்க்கப் பிள்ளைகளை அளவுகோலாக வைத்து வகுக்கப்பட்டவை என்றும், ஒரு தடத்தில் விழுந்தவர் வேறொன்றுக்கு மாறுவது அரிது என்றும் கண்டு, அந்த ஏற்பாட்டையே ஒழிக்க ஆணையிட்டார். மறு ஆண்டு மார்ச் மாதம், கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் மெக்சிக்க அமெரிக்க மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்புகளைவிட்டு வெளியேறினர். தங்களைக் கல்லூரிப் பாடங்களிலிருந்து விலக்கிக் கைத்தொழில் வகுப்புகளுக்குத் தள்ளுகிறார்கள் என்பது அவர்களின் குறைகளுள் ஒன்று. அவ்வாறு வெளியேறியோரின் பள்ளிகளில் ஒன்றான கார்ஃபீல்டில்தான், 1982-இல், ஹைமே எஸ்கலான்டேயிடம் பயின்ற 18 பேர் நுண்கணிதத்தில் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் தேர்வெழுதி அனைவரும் தேறினர். 14 பேர் காப்பியடித்தனரோ என்ற ஐயம் எழ, மறுதேர்வு எழுதிய 12 பேரும் மீண்டும் தேறினர்.

தடங்கள் பெயரளவில் மறைந்து, பாடவாரியான பரிந்துரையும் அதை மீறும் படிவமும் அவற்றின் இடத்துக்கு வந்தன. எல்லோருக்கும் பொதுவான உரிமை என்று படிவம் சொன்னாலும், அப்படி ஒன்று இருப்பதை அறிந்தவருக்கே அது பயன்பட்டது. கணித வகுப்புப் பிரிவினை குறித்து எலிசபெத் யூசீம் 1992-இல் வெளியிட்ட ஆய்வு, படித்த பெற்றோரே பள்ளியின் முடிவில் கூடுதலாகத் தலையிட்டுப் பிள்ளைகளை மேல் வகுப்புக்கு நகர்த்தினர் என்று காட்டியது. பரிந்துரையை மீறுவது துணிவின் அடையாளமாகப் போற்றப்பட்டாலும், அத்துணிவு வீட்டுக்கு வீடு ஒரே விலைக்குக் கிடைத்ததில்லை.

ஆசிரியரின் மதிப்பீட்டுக்கு இருந்த தனிச்செல்வாக்கை அண்மைக் காலச் சட்டங்கள் குறைத்துள்ளன. கலிஃபோர்னியா 2015-இல் ஒன்பதாம் வகுப்புக் கணிதச் சேர்க்கைக்குப் புறவயமான அளவுகோல்களைக் கட்டாயமாக்கியது. வட கரோலினா 2018-இல், மாநிலக் கணிதத் தேர்வில் உச்சத் தரம் பெற்றோரை உயர் கணித வகுப்பில் சேர்க்குமாறு பணித்தது. ஒரு காலத்தில் வாயிலை அடைத்த தேர்வே இப்போது அதைத் திறக்கும் சாவியாகியிருப்பது வரலாற்றின் வேடிக்கை; பிரிக்கும் வேலை மட்டும் நிற்கவில்லை. டெக்சாஸின் 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்தாம் வகுப்புக் கணிதத்தில் மேல் 40 விழுக்காட்டில் வரும் மாணவர் யாரும் கேட்காமலேயே ஆறாம் வகுப்பின் உயர் கணிதத்தில் சேர்க்கப்படுகிறார். அது வேண்டாம் என்னும் பெற்றோரே பள்ளிக்குத் தெரிவிக்க வேண்டும்.