நான்கு நிமிடப் பேச்சாளர்

பொதுக்காரியம் ஒன்றிற்காகப் பேச வல்லார் சிலரைத் திரட்டுதல் எளிது. அவர்களை ஓர் ஒழுங்கிற்குள் அமைத்துப் பயன்கொள்ளுதலே அரிது. இவ்வரிய செயலைப் பெரும் அளவிற் செய்துகாட்டியவர்கள் முதலாம் உலகப் போர்க்காலத்து அமெரிக்கர்.

1917ஆம் ஆண்டு ஏப்பிரல் 6ஆந் திகதி அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஜேர்மனிமீது போர்ப் பிரகடனஞ் செய்தன. வானொலி இல்லந்தோறும் வந்திராத காலம் அது. கடல் கடந்த போருக்குத் தம் மைந்தரை ஏன் அனுப்பவேண்டும் என்று மக்களிற் பலர் ஐயுற்றிருந்தனர். அவர்களுக்கு அரசின் கருத்தை எடுத்துரைக்க, ஜோர்ஜ் கிறீல் என்னும் பத்திரிகையாளர் தலைமையிற் செய்திக் குழுவொன்று நிறுவப்பட்டது. சிக்காகோ நகரத்து டொனல்ட் றயர்சன் முதலானோர் தொடங்கியிருந்த சிறு முயற்சியொன்றை அக்குழு தனதாக்கிக்கொண்டது.

அக்காலத்துப் படமாளிகைகளிலே ஒரு படச்சுருளைக் கழற்றி மற்றொன்றை மாட்டுவதற்குச் சில நிமிடங்கள் செல்லும். அவ்விடைவேளையிலே பேச்சாளர் ஒருவர் எழுந்து நான்கு நிமிடம் பேசுவார். 1775இல் விடுதலைப் போர் தொடங்கியபோது, ஒரு நிமிட அழைப்பில் ஆயுதம் ஏந்தத் தயாராய் நின்றோரை அந்நாட்டார் ‘நிமிட வீரர்’ என்று போற்றுவர். அதனை நினைவூட்டி, இப்பேச்சாளர் ‘நான்கு நிமிட வீரர்’ எனப்பட்டனர்.

ஊர்தோறும் ஒரு தலைவர் நியமிக்கப்பட்டார். ஊரார் நன்கறிந்தவர்களே பேச்சாளராகத் தெரிந்தெடுக்கப்பட்டனர். எவரும் ஊதியம் பெற்றிலர். பேசவேண்டிய பொருளும், அதற்குரிய செய்திகளும், மாதிரிப் பேச்சுகளும் வாஷிங்டனிலிருந்து வந்தன. சொல்லும் முறையோ பேசுபவருடையது. போர்க்கடன், உணவுச் சிக்கனம், படைக்கு ஆட்சேர்த்தல் என்பன பொருள்களாயின. நியூயோர்க்கில் இத்தாலிய மொழியிலும் இத்திஷ் மொழியிலுங்கூடப் பேசினர். போர் முடியும்போது இவர்களின் தொகை ஏறக்குறைய 75,000 ஆயிற்று. அயலான் குரலுக்குள்ள வலிமையை இவ்வமைப்பு நன்கு உணர்ந்திருந்தது.

ஆயினும், இவ்வரலாற்றிற்கு மற்றொரு பக்கமும் உண்டு. 1918 யூன் மாதத்தில் ஒகையோ மாநிலத்துக் கன்றன் நகரிலே போரை எதிர்த்துப் பேசிய யூஜின் டெப்ஸ் என்பார்க்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அதற்கு முந்திய மாதத்திலே, ஐயோவா மாநில ஆளுநர் பொது இடங்களிலும் தொலைபேசியிலும் ஆங்கிலம் தவிர்ந்த மொழி எதனையும் பேசலாகாது என ஆணையிட்டார். தாய்மொழியையன்றிப் பிறிதறியாத முதியோர் வாய்மூடி நிற்க வேண்டியவராயினர். இப்பழியை நான்கு நிமிடப் பேச்சாளர்மீது சுமத்துதல் நீதியன்று. அவருட் பலர் தூய நோக்குடனேயே உழைத்தனர். ஆனால் ஒரு பக்கத்துக் குரல் எழுபத்தையாயிரமாய்ப் பெருகிய அதே காலத்தில் மறுபக்கத்துக் குரல் சட்டத்தால் அடக்கப்பட்டது என்பதை மறத்தலாகாது.

1918 டிசெம்பரில் இவ்வமைப்புக் கலைக்கப்பட்டது. காலவரம்பு, முன்னாயத்தம், ஊரறிந்த பேச்சாளர், தன்னலமற்ற தொண்டு ஆகிய நான்கும் அது விட்டுச்சென்ற நற்பாடங்கள். சங்கமாயினும் சனசமூக நிலையமாயினும் இவற்றைக் கைக்கொள்ளலாம். அவ்வமைப்பிலே காணப்படாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். பேச்சாளருக்கு நான்கு நிமிடம் கொடுப்போர், கேட்டிருந்தவர் எழுந்து வினாவுதற்கு ஐந்தாவது நிமிடம் ஒன்றையும் ஒதுக்குவாராக.