குடும்ப டாக்டர் ஆக மூணு வருஷம்

1990-ல் டெக்னோபார்க் வந்தபின் கழக்கூட்டத்துக்குக் குடியேறிய நம்மாட்களுக்கு எல்லாம் கிடைக்கும், குடும்ப டாக்டரைத் தவிர. ஊரிலிருந்து அம்மா வந்தால் சர்க்கரைக்கு ஒருவர், முட்டிக்கு ஒருவர் என்று அலைச்சல். 'வெறும் எம்.பி.பி.எஸ்.தானா?' என்று உதட்டைப் பிதுக்குவதும் நாம்தான்!

அமெரிக்காவிலும் இதே கதை. எல்லாரும் ஸ்பெஷலிஸ்ட் ஆகப் போய்விட, 1969-ல் குடும்ப மருத்துவத்தையே இருபதாவது தனித்துறையாக அங்கீகரித்தார்கள். மூன்று வருட ரெசிடென்சி. பிரசவம், குழந்தைகள், மனநலம், எமர்ஜென்சி என்று வார்டு வார்டாகச் சுற்றினாலும், கிளினிக்கில் அதே குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்தாக வேண்டும். அசல் பாடம் அதுதான் என்பேன்.

இந்தியாவில் எம்.டி. குடும்ப மருத்துவம் முதலில் வந்தது கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில், அதுவும் 2010-க்குப் பிறகு. 2017-ல் கேரளத்தின் ஆர்த்ரம் திட்டம் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப ஆரோக்கிய மையங்களாக்கத் தொடங்கியது, ஓ.பி. மாலை ஆறு வரை. பலகைகள் ஊருக்கு ஊர் மாறின. எம்.டி. சீட்டுகள்தான் சொற்பம்.