மார்பகப் புற்றுநோயும் மரபணுப் பேரேடும்

பாட்டி, தாய், மகள் என்று ஒரே குடும்பத்தில் பலருக்கு மார்பகப் புற்றுநோய் வருவதுண்டு. இது தற்செயலா, பரம்பரையா? பிரெஞ்சு நாட்டு அறுவை மருத்துவர் பால் புரோக்கா, தம் மனைவியின் குடும்பத்தில் நான்கு தலைமுறைகளாக இந்நோய் தொடர்ந்ததை 1866-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். ஆனால் காரணம் புலப்பட நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1990-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி கிளேர் கிங் குழுவினர் 23 குடும்பங்களை ஆராய்ந்தனர். இளம் வயதிலேயே பரம்பரையாக வரும் மார்பகப் புற்றுநோய்க்குத் தொடர்புள்ள மரபணு ஒன்று 17-ஆவது குரோமோசோமில் இருப்பதாக அறிவித்தனர். 1994-இல் அம்மரபணு பிரித்தறியப்பட்டது. அதுவே பி.ஆர்.சி.ஏ.1. அடுத்த ஆண்டில், 13-ஆவது குரோமோசோமிலுள்ள பி.ஆர்.சி.ஏ.2 மரபணுவும் பிரித்தறியப்பட்டது.

இவை நோய் தருவதற்கென்றே அமைந்த மரபணுக்கள் அல்ல. நம் எல்லோரிடமும் உள்ளவை. டி.என்.ஏ. இழை அறுந்தால் அதைச் செப்பனிடும் புரதங்களை உண்டாக்குவதே இவற்றின் பணி. இவை பழுதடைந்தால் உயிரணுவில் பிழைகள் சேர்ந்து புற்றுநோய்க்கு வழி ஏற்படலாம். எனினும் மார்பகப் புற்றுநோய்களில் 100-க்கு 5 முதல் 10 வரையே பரம்பரையாக வருபவை.

மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பதைச் சோதனை காட்டிவிடும். ஆனால் அது தீங்கானதா என்பதை எப்படி அறிவது? பி.ஆர்.சி.ஏ.1-இன் தொடக்கத்தில் இரண்டு எழுத்துகள் விடுபட்டால், அதன்பின் வரும் செய்தி முழுவதும் குழம்பிப் புரதம் பாதியிலேயே நின்றுவிடும். அது தீங்கு என்பது தெளிவு. ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தாலோ, பெரும்பாலும் ஒரு குடும்பத்தை மட்டும் பார்த்து முடிவு கூற இயலாது. அதே மாற்றம் உள்ள பல குடும்பங்களை ஒப்பிட வேண்டும். அதற்குப் பொதுவான பேரேடு ஒன்று தேவை.

அத்தகைய பேரேட்டை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 1995-இல் தொடங்கியது. ஆராய்ச்சியாளர்கள் கணினி வழியே அதில் தேடலாம். தாம் கண்ட மாற்றங்களையும் சேர்க்கலாம். இம்மரபணுக்களுக்குக் காப்புரிமை பெற்றிருந்த மிரியட் நிறுவனம், தன் சோதனை முடிவுகளை அதற்கு அளிப்பதை 2004-இல் நிறுத்திக்கொண்டது. பல்லாயிரம் பெண்களின் சோதனையால் கிடைத்த அறிவு ஒரே நிறுவனத்தின் பெட்டிக்குள் தங்கிற்று. ‘பொருள் தெளிவில்லை’ என்ற முடிவைப் பெறும் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். மார்பகத்தை முன்கூட்டியே அகற்றுவதா, காத்திருப்பதா?

இயற்கையில் உள்ள மரபணுவுக்குக் காப்புரிமை இல்லை என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 2013 ஜூனில் தீர்ப்பளித்தது. ‘கிளின்வார்’ என்னும் பொதுத் தொகுப்பும் அவ்வாண்டிலேயே மக்களுக்குத் திறக்கப்பட்டது. பின்னர் பல நாட்டுத் தகவல்களை ஒன்றுசேர்த்த ‘பி.ஆர்.சி.ஏ. எக்ஸ்சேஞ்ச்’ தொகுப்பில், 2018-க்குள் 20,000-க்கும் மேற்பட்ட மாறுபாடுகள் இடம்பெற்றன.

இன்று ஒரு மாணவரும் அதில் தேடிப் பார்க்கலாம். மாற்றத்தின் குறியீட்டைக் கொடுத்தால், ‘தீங்கானது’, ‘தீங்கற்றது’, ‘தெளிவில்லை’ என்பன போன்ற விடை வரும். சிகிச்சையை முடிவு செய்ய மட்டும் மருத்துவரின் ஆலோசனை வேண்டும்.

இத்தொகுப்புகளில் ஐரோப்பிய வழியினரின் தகவல்களே மிகுதி. ஆகவே ஆசிய, ஆப்பிரிக்கப் பெண்களுக்குத் ‘தெளிவில்லை’ என்ற விடையே அடிக்கடி கிடைக்கிறது. நம் நாட்டுச் சோதனை முடிவுகளும், பெயர் விவரம் நீக்கி, பெண்களின் ஒப்புதலுடன் அப்பேரேட்டில் ஏறினால்தான் இக்குறை நீங்கும்.